பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும்போது



கார் பேட்டரி 12 வோல்ட். அதைத் தொட்டால் பெரும்பாலும் ஷாக் அடிக்காது. அதனால் பலர் பயப்படுவதில்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது.

பேட்டரிக்குள் ஈயத் தகடுகள் உள்ளன. கந்தக அமிலமும் தண்ணீரும் கலந்து உள்ளன. சார்ஜ் ஏறும்போது தண்ணீர் பிரிகிறது. ஹைட்ரஜன் என்ற வாயு வெளியே வருகிறது. அது கண்ணுக்குத் தெரியாது. வாசனையும் கிடையாது. ஒரு சிறு தீப்பொறி போதும். பேட்டரி வெடிக்கும். அமிலம் முகத்தில் தெறிக்கும். கண்ணே போய்விடலாம்.

ஆகவே, காற்றோட்டமான இடத்தில் சார்ஜ் ஏற்றுங்கள். ஆட்கள் தூங்கும் அறை வேண்டாம். பக்கத்தில் பீடி, அடுப்பு, விளக்கு கூடாது. உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று தீக்குச்சி கிழித்துப் பார்க்கவே கூடாது.

கிளிப்பை மாட்டும்போதும் பொறி வரும். எடுக்கும்போதும் வரும். எனவே வரிசையாகச் செய்யுங்கள்.

முதலில் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் கணக்கில் படித்த கூட்டல் குறியும் கழித்தல் குறியும் பேட்டரியின் மேல் இருக்கும். சிவப்புக் கிளிப்பைக் கூட்டலில் மாட்டுங்கள். கறுப்புக் கிளிப்பைக் கழித்தலில் மாட்டுங்கள். மாற்றி மாட்டாதீர்கள். அதன் பிறகு சுவிட்சைப் போடுங்கள்.

எடுக்கும்போது முதலில் சுவிட்சை அணையுங்கள். பிறகு கிளிப்பை எடுங்கள்.

பக்கத்தில் ஒரு வாளி சுத்தமான தண்ணீர் இருக்கட்டும். அமிலம் கண்ணில் பட்டால் கசக்காதீர்கள். கால் மணி நேரமாவது தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மாட்டும்போது சுவிட்ச் கடைசி. எடுக்கும்போது சுவிட்ச் முதல். இதை வீட்டிலும் சொல்லுங்கள்.