கணக்கையும் கேட்போம், வரியையும் கட்டுவோம்



வரியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குழுவின் ஊக்குநராகப் பதினொரு வருஷம் நோட்டு எழுதினவள் நான். யாராவது சந்தா தவறினால் அவங்க வீட்டு வாசல்ல போய் நிப்பேன். அப்படிப்பட்ட நான் என் வீட்டு வரியை மூணு வருஷமாகக் கட்டவில்லை. "தெருவுல சாக்கடை தேங்கிக் கெடக்கு, எதுக்குக் கட்டணும்?" என்று நியாயம் வேறு பேசுவேன்.

ஒருநாள் கூட்டத்தில், தவணை பாக்கி வைத்த ஒரு தங்கச்சியைச் சத்தம் போட்டேன். அவ எந்திரிச்சு, "யக்கா, நீங்க ஊருக்கு வச்சிருக்க பாக்கிய எந்த நோட்டுல எழுதுறது?" என்று கேட்டாள். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. அந்த மாசமே குழுவில் கடன் எடுத்துப் பாக்கியைக் கட்டினேன்.

அப்புறம் யோசித்தேன். நம்ம குழுவில் மட்டும் பணம் எப்படி ஒழுங்கா வந்து சேருது? நான் வாசல்ல போய் நிக்கதாலயா? இல்ல. கூட்டத்துக்குக் கூட்டம் வரவு செலவைச் சத்தமா வாசிக்கோம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்குக்கூட யாருக்குக் கடன் போச்சுன்னு தெரியும்.

இது புதுசு இல்ல. ஆயிரம் வருஷத்துக்கு முந்திய உத்திரமேரூர்க் கல்வெட்டில், குடவோலைத் தேர்வுக்கு வருகிறவருக்கு வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்கணும்னு இருக்கு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவர் சொந்தக்காரரும் நிற்க முடியாது. வரியையும் கணக்கையும் அன்றைக்கே சேர்த்துத்தான் பார்த்திருக்கிறார்கள். (அந்தச் சபையில் நம்மைப் போன்ற பெண்களுக்கு இடம் கிடையாது. இன்றைக்கு உள்ளாட்சியில் நமக்குப் பாதி இடம்.)

2022-இல் சொத்து வரியைக் கூட்டினபோது 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,800-க்கு மேல் 100 சதவீதம் என்று வைத்தார்கள். சிறு வீட்டுக்குக் குறைச்சலா வச்சது எனக்குச் சரியாகத்தான் படுது. ஆனா கூடின பணம் எந்தத் தெருவுக்குப் போச்சுன்னு கேக்கணும்லா? அதே வருஷம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைகள் தொடங்கின. அங்கே கேக்கலாம். நம்மில் எத்தனை பேர் போனோம்?

அக்டோபர் 31-க்குள் இந்த அரையாண்டு வரியைக் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. நான் கட்டிட்டேன். ரசீதைக் குழு நோட்டுக்குள்ளேயே வச்சிருக்கேன். அடுத்த பகுதி சபைக்கு அதைக் கையில் எடுத்துக்கிட்டுப் போய், எங்க தெருச் சாக்கடையைப் பத்திக் கேக்கப் போறேன். கூட வாரவங்க பேரு கொடுங்க.