இளைஞர் வலிமையும் ஆண்மைச் சுரப்பும்

மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையே, ஏ-9 நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் நாவுல. வயலிலும் சேனையிலும் உழைத்துத் தோள் உரம்பெற்ற தந்தையரின் மைந்தர்கள், இன்று அங்கும் பிற சிற்றூர்களிலும் இரும்புத் தட்டுகளைத் தூக்கி உடல் வளர்க்க விழைகின்றனர். நல்ல விழைவே. ஆயினும் ஆறு மாதம் பளுத்தூக்கியும் தோள் திரளாதபோது, தனக்கு ஆண்மைச் சுரப்புக் குறைவோ என்னும் ஐயம் இளைஞனைப் பற்றிக்கொள்கிறது. தந்தையிடம் கேட்க நாணம்; வைத்தியரிடம் செல்ல அச்சம். முடிவில் அவன் செவிசாய்ப்பது புட்டியும் ஊசியும் விற்பவனுக்கே!

டெஸ்டொஸ்டெரோன் எனப்படும் இச்சுரப்பினை 1935ஆம் ஆண்டில் அம்ஸ்ரடாம் நகர அறிஞர்கள் காளையின் விதைகளிலிருந்து பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் புட்டனான்ட், ருசிக்கா என்னும் இருவர் அதனைச் செயற்கையாகவும் ஆக்கினர். அன்று பிறந்த மருந்தே இன்று தகாத கைகளில் ஊசியாய்த் திரிகின்றது.

அவ்வூசி செய்யும் தீங்கு யாது? மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி கட்டளையிட, விதைகள் இச்சுரப்பை ஆக்குகின்றன. வெளியிலிருந்து மிகுதியாகச் செலுத்தினால் கட்டளை நின்றுவிடும். வெளியூர் நெல் களஞ்சியத்தில் குவிந்திருக்கக் கண்ட உழவன் கலப்பையை மூலையில் சாத்துவது போல, விதைகள் தொழில் மறந்து சுருங்கும், விந்தணுக்கள் அருகும். ஊசியை நிறுத்திய பின்னும் பழைய நிலை மீளப் பல மாதங்கள், சிலருக்கு ஆண்டுக்கு மேலும் ஆகலாம். ஆண்மையை நாடிச் சென்றவன் மகப்பேற்றை அடகுவைக்கின்றான் என்பதை விற்பவன் சொல்வதில்லை.

இயற்கை வழி எளிது; விலையற்றது; அதனாற்றான் போலும், மதிப்பாரில்லை. முதலாவது உறக்கம். சிக்காகோப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2011இல் வெளியிட்ட ஆய்வொன்றில், உடல்நலமுள்ள பத்து இளைஞர்கள் ஒரு வார காலம் இரவில் ஐந்து மணி நேரமே உறங்கினர். அவர்களின் பகற்பொழுதுச் சுரப்பு நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை குறைந்தது. இரவெல்லாம் தம்புள்ளைச் சந்தையில் மரக்கறி மூட்டை ஏற்றிவிட்டு, மாலையில் பளுத்தூக்கும் இளைஞனுக்கு வேண்டியது மருந்தன்று, பாய்.

அடுத்தது உணவு. வயிற்றைச் சுருக்கிக்கொண்டு நாள்தோறும் ஓய்வின்றிப் பளுத்தூக்கினாலும் சுரப்புக் குன்றும். சோற்றோடு முட்டை, நெத்தலி, பயறு, கௌபி, தேங்காய்ப்பால் அளவோடு சேரட்டும். வாரத்தில் ஓரிரு நாள் தசைகள் ஓய்வு பெறட்டும். மிகப் பருத்தவனோ, எடையைக் குறைத்தாலே சுரப்பு உயரக் காண்பான். நெருஞ்சில் மாத்திரைகளைப் பற்றிப் பலர் வியந்துரைப்பர். அவுஸ்திரேலிய றக்பி வீரர்களிடம் ஐந்து வாரம் அதனைக் கொடுத்துப் பார்த்து, 2007இல் வெளியான ஆய்வு, யாதொரு நன்மையும் காணவில்லை.

குறைவு உண்டோ என்பதை இரத்தப் பரிசோதனையே உரைக்கும். காலையில், உண்ணாமுன், வெவ்வேறு இரு நாட்களில் சோதித்தல் வேண்டும். மாலையில் சுரப்பு இயல்பாகவே தாழ்ந்திருக்கும். இரு முறையும் ஒரு டெசிலீற்றருக்கு 300 நனோகிராமுக்குக் கீழ் இருந்து, வேட்கைக் குறைவும் ஓயாத சோர்வும் உடனிருப்பின், பளுக்கூடத்து நண்பரை விடுத்து அரசாங்க வைத்தியசாலையை நாடுக. முன்னர் வந்த கூகைக்கட்டு விதைகளைத் தாக்கியிருக்கலாம். கபச்சுரப்பியில் கட்டியும் இருக்கலாம். இவை உறக்கத்தாலும் உணவாலும் தீர்வன அல்ல. அத்தகையோருக்கு வைத்தியர் அளவறிந்து மருந்தளிப்பார்; மகப்பேறு வேண்டுவோர் அதனை முன்னரே அவரிடம் கூறுதல் வேண்டும், அவர்களுக்குரிய சிகிச்சை வேறு.