வெட்டி ஒட்டிய ஒரு வாக்கியம்

(மாணவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அமெரிக்காவின் வெளியுறவுச் சட்டம் பற்றிப் பேசப்போகிறேன். ‘அது நமக்கெதுக்கு?’ என்று சிலர் முகத்தில் கேள்வி தெரிகிறது. அதிகாரம் தனக்கு வேண்டிய நியாயத்தை எப்படித் தயார் பண்ணிக்கொள்கிறது, அதைச் சிலர் உட்கார்ந்து படித்து எப்படிக் கட்டுடைத்தார்கள் என்பதுதான் இதில் விஷயம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

1930களில் பொலிவியாவும் பராகுவேயும் சாக்கோ என்ற நிலப்பகுதிக்காகப் போரிட்டன. 1934இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு தீர்மானம் போட்டது. ஆயுத விற்பனையைத் தடுத்தால் அமைதிக்கு உதவும் என்று ஜனாதிபதி கருதினால் தடுக்கலாம் என்றது. ரூஸ்வெல்ட் தடுத்தார். தடையை மீறிப் பொலிவியாவுக்கு 15 இயந்திரத் துப்பாக்கிகள் விற்கச் சதி செய்ததாக கர்டிஸ்-ரைட் என்ற கம்பெனி மீது வழக்கு. கம்பெனி திருப்பிக் கேட்டது: சட்டம் செய்கிற வேலையைக் காங்கிரஸ் இப்படி ஜனாதிபதி கையில் தூக்கிக் கொடுக்கலாமா?

கேள்வி இவ்வளவுதான். ‘கொடுக்கலாம்’ என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் 1936 டிசம்பரில் தீர்ப்பெழுதிய நீதிபதி சதர்லாண்ட் அதோடு நிற்கவில்லை. வெளியுறவு அதிகாரம் அரசியல் சட்டத்திலிருந்து வந்ததல்ல, பிரிட்டிஷ் மகுடத்திடமிருந்து நேராக ஒன்றியத்துக்கு இறங்கியது என்றார். வெளியுறவில் நாட்டின் ‘ஒரே உறுப்பு’ ஜனாதிபதிதான், அதற்குக் காங்கிரஸின் சட்டம்கூட அடிப்படையாக வேண்டியதில்லை என்றார். ராஜாவைத் துரத்திவிட்டு செங்கோலை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்ட கதைதான் இது.

அந்த ‘ஒரே உறுப்பு’ எங்கிருந்து வந்தது? 1800 மார்ச்சில் ஜான் மார்ஷல் பிரதிநிதிகள் சபையில் பேசியது. அப்போது ஜனாதிபதி ஆடம்ஸ், ஜொனாதன் ராபின்ஸ் என்ற கடலோடியைக் கொலைக்குற்றத்துக்காகப் பிரிட்டனிடம் ஒப்படைத்திருந்தார். பிரிட்டன் அவனைத் தூக்கில் போட்டது. எதிர்க்கட்சி கொதித்தது. மார்ஷல் ஆடம்ஸுக்காக வாதாடினார். என்ன வாதம்? கொலைக்குற்றம் சாட்டப்பட்டவரை ஒப்படைக்க வேண்டும் என்று ஏற்கெனவே ஒப்பந்தம் இருக்கிறது. ஒப்பந்தம் என்றால் அது நாட்டின் சட்டம். அந்தச் சட்டத்தை ஜனாதிபதி நிறைவேற்றினார், அவ்வளவுதான். அயல்நாடு பேச வேண்டுமானால் அவர் மூலமாகத்தான் பேச வேண்டும்.

அதாவது மார்ஷல் சொன்னது வாய். சதர்லாண்ட் அந்த வாயையே தலையாக்கிவிட்டார். முன்னும் பின்னும் வெட்டிவிட்டு நடுவில் ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்து ஒட்டினால் இப்படித்தான் ஆகும்.

இதை வெளியே கொண்டுவந்தவர்கள் ஆய்வாளர்கள். தீர்ப்பில் சொன்ன வரலாறு வரலாறே அல்ல என்று சார்லஸ் லாஃப்கிரென் 1973இல் காட்டினார். லூயி ஃபிஷர் மார்ஷலின் முழு உரையையும் எடுத்துவைத்துப் பல ஆண்டுகள் விடாமல் எழுதினார். சதர்லாண்ட் செனட்டராக இருந்தவர். நீதிபதியாகும் முன்பே, 1919இல், இதே கருத்தைப் புத்தகமாகப் போட்டவர். தன் கட்சியைத் தானே தீர்ப்பாக்கினார். ஹெரால்ட் கோ 1990இல் இன்னொன்றைக் கேட்டார்: ஜனாதிபதியே ஏன் எப்போதும் ஜெயிக்கிறார்? அவர் முந்திக்கொண்டு செயல்படுகிறார், காங்கிரஸ் வாய்மூடிக் கொள்கிறது, நீதிமன்றம் ஒதுங்கிக்கொள்கிறது என்று பதிலும் சொன்னார்.

‘புத்தகச் சண்டைதானே’ என்று நினைக்காதீர்கள். வாரண்ட் இல்லாமல் உள்நாட்டு மக்களின் தொலைபேசியை ஒட்டுக்கேட்டது அம்பலமானபோது, 2006 ஜனவரியில் புஷ் அரசின் நீதி இலாகா காட்டிய ஆதாரங்களில் இந்த ‘ஒரே உறுப்பு’ம் உண்டு. வெளியுறவு என்று ஆரம்பித்தது வீட்டுக்குள் வந்து காது வைக்கிறது.

வெளியே எதிரியைக் காட்டினால் அடி யார் மேல் விழுகிறது? 1942 பிப்ரவரியில் ரூஸ்வெல்ட் ஒரு நிர்வாக ஆணை போட்டார். சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். ராணுவம் சொன்னால் சரியாக இருக்கும் என்று 1944இல் உச்ச நீதிமன்றம், கொரெமாட்சு வழக்கில், ஒப்புக்கொண்டது.

அந்த முகாமில் அடைபட்ட இளம்பெண் ஐக்கோ ஹெர்சிக்-யோஷினாகா. பிற்காலத்தில் அவர் ஆவணக் காப்பகத்தில் நாள் கணக்கில் உட்கார்ந்து தேடினார். அழிக்கச் சொன்ன ராணுவ அறிக்கையின் முதல் வடிவம் ஒன்று அவர் கையில் கிடைத்தது. யார் விசுவாசி, யார் துரோகி என்று பிரித்துப்பார்க்க நேரமில்லை என்பதுதான் நீதிமன்றத்தில் அரசு சொன்ன காரணம். நேரம் ஒரு பிரச்சினையே இல்லை என்றது அந்த மூல அறிக்கை. பீட்டர் ஐயன்ஸ் என்ற சட்ட ஆய்வாளர், அரசு வழக்கறிஞர்களே ஆதாரம் மறைக்கப்படுவதை எதிர்த்து எழுதிய குறிப்புகளைக் கண்டெடுத்தார். 1983இல் கொரெமாட்சுவின் தண்டனை ரத்தானது.

வெற்றி முழுசா கிடைச்சிடுச்சுன்னு சொல்ல முடியாது. 2015இல் சிவோடோஃப்ஸ்கி வழக்கில், வெளியுறவில் ஜனாதிபதிக்கு எல்லையற்ற அதிகாரம் உண்டு என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. ஆனால் ஓர் அயல்நாட்டு அரசை அங்கீகரிக்கும் அதிகாரம் அவருக்கு மட்டும்தான் என்று சொல்லி, காங்கிரஸின் சட்டத்தை அதே தீர்ப்பில் தள்ளியது. 2018இல் கொரெமாட்சு தீர்ப்பு தவறு என்று வாயார ஒப்புக்கொண்டது. எந்த வழக்கில்? பெரும்பாலும் முஸ்லிம்கள் வாழும் சில நாட்டினர் உள்ளே வர டிரம்ப் போட்ட தடை செல்லும் என்று தீர்ப்பளித்த அதே வழக்கில்!

தோழர்களே, தீர்ப்பில் மேற்கோள் வந்தால் பெரிய மனிதர் சொன்னதாச்சே என்று கும்பிட்டுவிட்டு நகராதீர்கள். அதன் முந்தைய வரி என்ன, பிந்தைய வரி என்ன, யாருக்காகச் சொன்னது என்று மூலத்தைத் தேடிப் படியுங்கள். ஐக்கோ செய்தது அந்த வேலைதான். அவர் சட்டம் படித்தவர் அல்ல. முகாமுக்குள் இருந்தவர்.