கடைக்குட்டி கேட்கும் கேள்வி

பெரியவர்கள் வேதம் படிக்கும்போது ஒரு வாண்டு குறுக்கே பேசினால் நம் வீடுகளில் என்ன நடக்கும்? "சும்மா இரு!" என்று ஓர் அதட்டல்தான்.

யூதர்கள் வீட்டில் பஸ்கா பண்டிகை தொடங்குகிற ராத்திரி இது தலைகீழ். இன்றைக்கு மட்டும் ஏன் இப்படி என்று கடைக்குட்டி கேட்டால்தான் கதையே ஆரம்பிக்கும். பிள்ளை இல்லாத வீட்டில் மனைவி கேட்பார். ஒண்டிக்கட்டையா? தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும் என்கிறது யூதச் சட்ட விளக்க நூலான தல்மூத்!

பிறகு 'ஹகாதா' நூலை விரித்து, எகிப்தில் அடிமைப்பட்டிருந்த முன்னோர் விடுதலையான கதையைச் சொல்வார்கள். பிள்ளை கேட்டால் சொல்லு என்பது யூதர்களின் வேதமான தோராவிலேயே இருக்கிற கட்டளை. வெறும் வாய்ப்பேச்சும் இல்லை. அடிமை வாழ்வுக்குக் கசப்புக் கீரை, கண்ணீருக்கு உப்புத் தண்ணீர், செங்கல் வேலையின் சாந்துக்கு ஆப்பிளும் கொட்டைகளும் பட்டையும் சேர்ந்த இனிப்புக் கலவை. மாவு புளிக்கக்கூட நேரமில்லாமல் கிளம்பினார்களே, அதற்குப் புளிக்காத ரொட்டி. நாக்கில் பட்டது லேசில் மறக்குமா?

சடங்கு முடிய நடுராத்திரிகூட ஆகும். பிள்ளை தூங்கிவிடக் கூடாதே! பல வீடுகளில் ரொட்டித் துண்டு ஒன்றைப் பிள்ளைகளே எடுத்து ஒளித்துவைப்பார்கள். அதைச் சாப்பிடாமல் விருந்து நிறைவாகாது. அப்புறமென்ன, பரிசு கேட்டுப் பேரம்தான். தாத்தா மசிந்தே ஆகவேண்டும்.