வாங்குவது சேமிப்பு, ஓட்டுவது சம்பளம்!

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் வேகம், வேகம் என்கிறார். எனக்கும் ஆசை வந்துச்சுங்க! 2002-ல் அறிமுகமான போர்ஷே கயென் டர்போ. 450 குதிரைத்திறன், 100 லிட்டர் பெட்ரோல் டாங்க். பழசு என்பதால் விலை பாதாளத்தில்! மகளின் கல்லூரிப் பணத்தை எடுத்துக்கிட்டு அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பினேன். வாசலில் மனைவி கேட்டார்: "ஏங்க, வண்டிதானே பழசு? டயரும் பிரேக்கும் பழைய விலைக்கா தருவாங்க?" (கைதட்டல்)

உட்கார்ந்துட்டேன்!

பழைய வண்டி வேண்டாம்னு சொல்லலை. ஆறிய எஞ்சினைக் கிளப்பிப் புகையைப் பாருங்க. சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டுங்க. தெரிஞ்ச மெக்கானிக்கைக் கூட்டிப் போங்க. ஆனால் வண்டியை வாங்குவது சேமிப்பு. வச்சு ஓட்டுவது சம்பளம்! என் மகள் இன்று இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பஸ்ஸில்தான் போகிறாள். வேகமா முன்னேறுவது எங்க குடும்பம்தான், நடுவர் அவர்களே!