கரிசல் நிலத்தில் வீட்டுத் தளம் இடுதல்

(சேலம், நாமக்கல் சமவெளிக் கிராமங்களில் வீடு கட்டுவோருக்குச் செய்த பிரசங்கம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் வீட்டின் கூரையோ சுவரோ அன்று. கண்ணுக்குத் தெரியாமற் புதைந்து கிடக்கும் கடக்காலும், அதன் உட்புறத்தில் நாம் இடும் கான்கிரீட்டுத் தளமுமேயாகும். ஒரு குடும்பம் பெரும்பாலும் ஆயுளில் ஒரே முறைதான் வீடு கட்டுகிறது. அதற்காக நகைகளை அடகு வைக்கிறோம். பாங்கியில் பதினைந்து, இருபது வருஷத் தவணைக்குக் கடன் வாங்குகிறோம். அவ்விதம் கட்டிய வீட்டில் கிரகப்பிரவேசம் நடந்து இரண்டு கோடையும் இரண்டு மழைக்காலமும் கழிவதற்குள், சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு வெடிப்பு ஓடுகிறது. கூடத்தின் நடுவில் தரை மேடிடுகிறது. கதவு நிலையில் சிக்கிக்கொள்கிறது. கொத்தனார் சிமெண்டைக் குறைத்துவிட்டார் என்று சிலரும், மனையடி சாஸ்திரம் தப்பிவிட்டது என்று சிலரும், கண் திருஷ்டி என்று சிலரும் சொல்லுகின்றனர். கடன் தவணையோ வெடிப்பைப் பார்த்து நிற்பதில்லை. இத்தகைய வெடிப்புகளிற் பெரும்பாலானவற்றிற்குக் காரணம் தரைக்குக் கீழே இருக்கும் மண்ணும், அதற்குள் ஏறி இறங்கும் ஜலமுமே என்பதை விளக்குவதே இப்பிரசங்கத்தின் நோக்கம்.

சேலம் ஜில்லாவும், 1997-ஆம் வருஷத்தில் அதனின்றும் பிரிந்து தனியாக இயங்கத் தொடங்கிய நாமக்கல் ஜில்லாவும் பெரும்பாலும் செம்மண் பூமி என்பது வாஸ்தவமே. சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை முதலிய மலைகளின் அடிவாரச் சரிவுகளில் சில அடி ஆழத்திலேயே மொரம்போ பாறையோ தட்டும். ஆனால் சரிவு முடிந்து நீர் தங்கும் தாழ்ந்த வயல்களிலும், ஏரிகளின் கீழும், ஓடைக்கரைகளிலும் கரிய களிமண் பல இடங்களிற் படிந்திருக்கிறது. ஒரே ஊரில் ஒரு தெரு செம்மண்ணிலும், சிறிது தூரத்திலுள்ள மற்றொரு தெரு கரிசலிலும் இருக்கக் காணலாம்.

நம் முன்னோர் ஊர் நத்தத்தைப் பெரும்பாலும் மேட்டு நிலத்தில் அமைத்து, பள்ளக்காட்டைப் பயிருக்கு விட்டனர். இப்போதோ நத்தத்தில் இடமில்லாமற் போகவே, பாகப்பிரிவினையிற் கிடைத்த காட்டிலும், மனைகளாகப் பிரித்து விற்கப்படும் வயல்களிலும் வீடு எழுகிறது. தகப்பனார் செம்மண்ணில் இட்ட மூன்றடிக் கடக்காலையே மகனும் கரிசலில் இடுகிறார். தகப்பனார் வீடு அசையாமல் நிற்பதும், மகன் வீடு வெடிப்பதும் கொத்தனாரின் கைவேற்றுமையால் அன்று, மண்ணின் வேற்றுமையாலேயே.

அவ்வேற்றுமை யாதெனில், கரிசலில் மாண்ட்மோரில்லனைட்டு என்னும் நுண்ணிய களிப்பொருள் மிகுதியாய் உண்டு. அது மெல்லிய ஏடுகளை அடுக்கியது போன்ற அமைப்புடையது. மழை பெய்தால் ஜலம் ஏடுகளின் இடையே புகுந்து அவற்றை விலக்கும். மண் பருத்து மேலெழும். கோடையில் அந்த ஜலம் வெளியேற, மண் சுருங்கிப் பிளக்கும். சித்திரை, வைகாசியில் கரிசற்காட்டில் கை நுழையும்படி வெடித்துக் கிடப்பதையும், ஐப்பசி மழையில் அவ்வெடிப்பெல்லாம் மூடிக்கொள்வதையும் நீங்கள் அறிவீர்கள். நெடுநாள் ஈரத்தைத் தாங்கி வைத்திருப்பதால் பருத்திக்கு இம்மண் உகந்ததாயிற்று. பயிருக்குக் குணமாகிய இதுவே வீட்டுக்குக் குற்றமாகின்றது.

மண் முழுவதும் ஒரே சீராக எழுந்து ஒரே சீராக இறங்குமானால் வீட்டுக்கு அதிக கெடுதி இராது. கெடுதி வருவது ஓரமும் நடுவும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு அளவாய் அசைவதனாலேயே. மழைக்காலத்தில் சுவரோரத்து மண் முதலில் நனைந்து உப்புகிறது. கோடையில் அதே ஓரம் முதலில் காய்ந்து தாழ்கிறது. தளத்தின் நடுப்பாகத்திற்கு அடியிலோ, வெயில் படாமையால் ஈரம் ஆவியாகாமல் வருஷாவருஷம் சேர்ந்து, மண் மெதுவாக மேடிடுகிறது. இவ்விதம் நடு எழும்பி ஓரம் தாழும்போது தளம் முதுகு வளைந்து பிளக்கும்; சுவரும் உடன் பிளக்கும்.

தளத்தைத் தடிப்பாக இட்டுவிட்டால் போதும் என்பது பலருடைய எண்ணம். நான்கு அங்குலத்தை ஆறு அங்குலமாக்கினால் செலவு ஏறுமேயன்றி, அடியிலிருந்து தள்ளும் பலம் குறைவதில்லை. நனைந்த கரிசல் மேல்நோக்கித் தள்ளும் பலம் ஒற்றைத் தளமுள்ள வீட்டின் பாரத்தைவிட அதிகமாய் இருக்கக்கூடும். ஆகையினாலேதான் பாரமான பெரிய கட்டடங்களைவிட, ஏழை எளியோர் கட்டும் சிறு வீடுகளே இம்மண்ணில் அதிகம் அல்லலுறுகின்றன.

இனி, மண்ணை அறியும் விதத்தைக் கவனிப்போம். விலை பேசும் முன்னரே மனையை ஒருமுறை கோடையிற் சென்று பாருங்கள். தரை பாளம் பாளமாக வெடித்திருப்பின் சந்தேகம் கொள்ளவேண்டும். பின்பு மனையின் இரண்டு மூலைகளில் ஆளுயரத்துக்குக் குறையாமற் குழி தோண்டி, கரிய மண் எத்தனை அடி ஆழம் செல்கிறது, அதன் கீழே இருப்பது சுக்கானா, மொரம்பா, பாறையா என்று பார்க்கவேண்டும். எவ்வகைக் கடக்கால் தேவை என்பதை இந்த ஆழமே பெரும்பாலும் தீர்மானிக்கும்.

இதனோடு, மண் உப்பும் அளவைக் காணும் சுலபமான சோதனை ஒன்றும் உண்டு. இந்தியத் தரவிதி ஐ.எஸ். 2720, 40-ஆம் பாகத்தில் இது விவரிக்கப்பட்டிருக்கிறது. நன்றாய் உலர்த்தி நுண்சல்லடையிற் சலித்த மண்ணில் பத்து கிராம் எடுத்து அளவுக் குழாயிலுள்ள தண்ணீரிலும், வேறு பத்து கிராம் எடுத்து மற்றொரு குழாயிலுள்ள மண்ணெண்ணெயிலும் இட்டு, 24 மணி நேரம் வைக்கவேண்டும். மண்ணெண்ணெயில் களிமண் உப்புவதில்லை. மண்ணெண்ணெயில் மண் 12 கன சென்டிமீட்டரும், தண்ணீரில் 21 கன சென்டிமீட்டரும் நின்றால், உப்பல் 12-க்கு 9, அதாவது நூற்றுக்கு 75 ஆகும். நூற்றுக்கு 50-க்குக் கீழானால் பயம் குறைவு. 50 முதல் 100 வரை நடுத்தரம். 100-க்கு மேல் கடுமை. 200-க்கு மேல் மிகக் கடுமை. பொறியியற் கல்லூரிகளிலும் கட்டட மண் பரிசோதனைச் சாலைகளிலும் இதைச் செய்துகொள்ளலாம். பயிருக்கு உரம் சொல்லும் விவசாய மண் பரிசோதனை வேறு, இது வேறு என்பதை மறக்கலாகாது.

இனி, பரிகாரம். கரிசல் மூன்று அல்லது நான்கு அடியில் முடிந்துவிடுமானால் வானத்தை அதற்கும் கீழே தோண்டி, கடக்காலை மொரம்பின் மேலோ பாறையின் மேலோ நிறுத்துவதே உத்தமம். சுவருக்கு இவ்விதம் செய்துவிட்டு, உள்ளே தளத்திற்கு அடியிலுள்ள கரிசலை அப்படியே விட்டுவிடுவதுதான் நம் பக்கத்தில் அடிக்கடி காணும் பிழை. அப்போது சுவர் நிற்கும், தளம் எழும். ஆகவே உள்ளிருக்கும் கரிசலையும் தோண்டி அப்புறப்படுத்தவேண்டும்.

அவ்விடத்தை எதனால் நிரப்புவது என்பது முக்கியமான கேள்வி. ஆற்று மணலோ எம்-சாண்டோ கொட்டி நிரப்புவது நல்லதென்று பலர் நம்புகின்றனர். ஓரத்திலிருந்து கசியும் ஜலம் மணலுக்குள் புகுந்து, தொட்டியில் தேங்குவதுபோல் அடிக்கரிசலின்மேல் தேங்கும். மண் முன்னிலும் அதிகமாய் உப்பும். பம்பாய் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த பேராசிரியர் ஆர். கே. கட்டி என்பவர் நெடுங்காலம் ஆராய்ந்து காட்டியது யாதெனில், ஒட்டும் குணமுடையதாயும் ஆனால் உப்பாததாயும் உள்ள மண்ணைச் சுமார் ஒரு மீட்டர் கனத்துக்குக் கரிசலின்மேல் இட்டு இறுக்கினால், அடியிலுள்ள கரிசலின் எழுச்சி பெரிதும் அடங்கும் என்பதாகும். கரிசலில் வெட்டிய பாசனக் கால்வாய்களுக்கு இம்முறை கையாளப்பட்டது. நம் ஜில்லாக்களில் கிடைக்கும் செம்மண் கலந்த மொரம்பு இதற்குப் பெரும்பாலும் தகுந்தது. ஆயினும் அதையும் மேற்சொன்ன சோதனைக்கு உட்படுத்திவிட்டே உபயோகிக்கவேண்டும். ஆறு அங்குலத்துக்கு ஒரு படையாக இட்டு, அளவாக நனைத்து, ஒவ்வொரு படையையும் திமிசுக்கட்டையாலோ இயந்திரத்தாலோ இறுக்கவேண்டும். மூன்றடி உயரத்தையும் ஒரேயடியாய்க் கொட்டி, மேலே தண்ணீர் விட்டுவிட்டால் இறுகிவிடும் என்று எண்ணுவது தவறு.

இறுகிய மொரம்பின்மேல் மெலிந்த கலவைக் கான்கிரீட்டு ஒரு படை. அதன்மேல் கனமான பாலிதீன் விரிப்பு. அதன்மேல் கம்பி வலை வைத்த நான்கு அங்குலக் கான்கிரீட்டுத் தளம். இத்தளம் சுவரோடு ஒட்டாமல் அரை அங்குலம் விலகியிருக்க, இடையில் தார் அட்டை வைக்கவேண்டும். ஒன்று சிறிது அசைந்தாலும் மற்றதைப் பிளக்காதிருப்பதற்காகவே இந்த இடைவெளி. தளத்தைக் குறைந்தது ஏழு நாள் ஈரம் காயாமற் காப்பது அவசியம்.

மேற்படி வேலையில் காலத்தையும் கவனிக்கவேண்டும். கடுங்கோடையில் வானம் தோண்டி, வாரக்கணக்கில் வெயிலிற் காயவிட்டு, அந்த வறண்ட கரிசலின்மேல் வேலை தொடங்குவது அபாயம். முதல் மழையில் அது உண்ணும் ஜலமெல்லாம் வீட்டைத் தூக்கும். மழையில் குழி நிரம்பி மண் குழையும்படி விடுவதும் தகாது. தோண்டியதைத் தாமதமின்றி மூடத்தக்கதாகச் சாமான்களை முன்கூட்டியே சேகரித்துக்கொள்ளுங்கள்.

கரிசல் மிக ஆழமாய்ச் செல்லும் இடங்களில் மேற்சொன்ன முறைகள் மட்டும் போதா. இதற்கென்றே, 1947-ஆம் வருஷத்தில் நிறுவப்பெற்றதும் ரூர்க்கியில் உள்ளதுமான மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் ஒரு முறையை வகுத்துள்ளனர். மேஸ்திரிகள் அண்டர் ரீம் பைல் என்று சொல்லும் குமிழ்த்தூண் அதுவே. நிலத்தில் குறுகலான துளையிட்டு, அதன் அடிப்பாகத்தைக் குமிழ்போல் அகலமாக்கி, கம்பிக்கூடு இறக்கிக் கான்கிரீட்டு நிரப்புவர். குமிழின் அகலம் சாதாரணமாகத் தூணின் அகலத்தைப்போல் இரண்டரை மடங்கு. மேல்மண் உப்பித் தூக்க முயன்றாலும், அடியில் அசையாத மண்ணிற் பதிந்த குமிழ் நங்கூரம்போல் பிடித்துக்கொள்ளும். ஆழ்ந்த கரிசலில் இத்தூண் தரைமட்டத்திலிருந்து 3.5 மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய பதினொன்றரை அடிக்குக் குறையக்கூடாதென்று ஐ.எஸ். 2911-ஆம் தரவிதி கூறுகிறது. தூண்களை இணைக்கும் உத்திரம் மண்ணைத் தொடாமல் 80 மில்லிமீட்டர், அதாவது சுமார் மூன்று அங்குலம் உயர்ந்திருத்தல் வேண்டும். அவ்விடைவெளியில் மண் எழுந்து தாழலாம். இதைப் பலர் மண்ணால் அடைத்துவிட்டு, செய்த செலவையெல்லாம் வீணாக்கிவிடுகின்றனர். இவ்வேலைக்குத் தகுதியுள்ள என்ஜினீயரின் கணக்கு இன்றியமையாதது.

ஆஸ்திரேலியாவில் கரிசல் போன்ற களிமண் நிலங்கள் மிகுதி. அங்கே மனையின் மண் எவ்வளவு அசையும் என்று வகுப்புப் பிரித்து, அதற்கேற்ப உத்திரங்களோடு சேர்த்து வார்த்த விறைப்பான தளத்தை இடுகின்றனர். அத்தோடு நில்லாமல், குடியேறிய பின் தண்ணீரையும் மரங்களையும் எவ்விதம் பேணவேண்டும் என்று வீட்டுக்காரர்களுக்கென்றே சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்னும் ஆராய்ச்சி ஸ்தாபனம் ஒரு கையேடும் வெளியிட்டிருக்கிறது. கட்டி முடித்தபின் காவல் வீட்டுக்காரருடையதே என்பது இதனால் விளங்கும்.

அக்காவலில் முதன்மையானது, சுவரோரத்தில் ஈரம் ஒருநாள் பெருகி ஒருநாள் வறளாமல் ஒரே சீராக இருக்கச் செய்வது. வீட்டைச் சுற்றி நான்கைந்து அடி அகலத்திற்கு வெளிப்புறம் சரிந்த சுற்றுத்தளம் இடுங்கள். மாடித் தண்ணீரைக் குழாய் வழியாக அதற்கும் அப்பால் விடுங்கள். குளிக்கும் ஜலமும், பாத்திரம் துலக்கும் ஜலமும் சுவரடியில் தேங்கலாகாது. தண்ணீர்த் தொட்டியும் கழிவுத் தொட்டியும் கசிகின்றனவா என்று அவ்வப்போது பாருங்கள். சுவரோரத்தில் தென்னைக்குப் பாத்தி கட்டி நீர் பாய்ச்சாதீர்கள். வேம்பு, அரசு முதலிய பெருமரங்கள் கோடையில் மண்ணின் ஈரத்தை உறிஞ்சும். ஆகையால் மரம் எவ்வளவு உயரம் வளருமோ அவ்வளவு தூரம் தள்ளி நடுவது நலம். மனையிலிருந்த பெருமரத்தை வெட்டியவுடன் அவ்விடத்தில் கட்டுவதும் ஆகாது. மரம் வறட்டிவைத்த மண் பின்னர் நெடுநாள் ஈரம் உண்டு எழும்பும்.

ஏற்கெனவே வெடித்த வீட்டிற் குடியிருப்போர் உடனே பூசி மறைக்கவேண்டாம். முதலில் தண்ணீர் தேங்கும் இடங்களைச் சீர்ப்படுத்துங்கள். வெடிப்பின் முனையில் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி, ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கவனியுங்கள். பருவத்துக்குப் பருவம் திறந்து மூடுமானால் அது கரிசலின் வேலை. ஓயாமல் அகன்றுகொண்டே போனால் காரணம் வேறாக இருக்கலாம். காலதாமதமின்றி என்ஜினீயரை அழைக்கவேண்டும்.

ஆகையால், ஒப்பந்தக்காரரோடு சதுர அடி விலை பேசும் முன்னர் நான்கு கேள்விகள் கேளுங்கள். கரிசல் எத்தனை அடி ஆழம்? அதன் உப்பல் நூற்றுக்கு எத்தனை? தளத்துக்கு அடியில் எதை நிரப்பப் போகிறீர்கள்? மாடித் தண்ணீர் எங்கே விழும்? இவற்றிற்குத் தெளிவான பதில் கிடைக்கும்வரை வானம் தோண்ட நாள் பார்க்கவேண்டாம். குழி தோண்டவும் மண்ணைச் சோதிக்கவும் ஆகும் செலவு, வெடித்த தளத்தைப் பெயர்த்து மறுபடி இடும் செலவில் ஒரு சிறு பங்கேயாகும். கடன் தீரும் காலம்வரையிலும், அதற்குப் பின்னர் உங்கள் பிள்ளைகளுக்கும் பயன்படும்படியாக வீடு நிற்கவேண்டுமாயின், முதற்பணத்தை மண்ணை அறிவதற்கே செலவிடுங்கள் என்று உங்கள் யாவரையும் மிக்க வணக்கத்துடன் கேட்டுக்கொள்ளுகிறேன்.