ஆற்றின் வழக்கை ஆற்றங்கரை மொழியில் ஆராய்க!

(ஆம்பூரில் ஆற்றிய உரை)



ஓர் ஊரில் பெருந்தொழிற்சாலை ஒன்று எழப்போகின்றது என்று கொள்வோம். அதனால் ஆறு கெடுமா, கிணறு கெடுமா, வயல் உவர்க்குமா என்று முன்கூட்டியே ஆராய வல்லுநர் ஒருவர் அமர்த்தப்படுகின்றார். அவரை அமர்த்துபவர் யார்? அவருக்குக் கூலி கொடுப்பவர் யார்? அவர் எழுதும் அறிக்கையைப் படிக்க வல்லவர் யார்? இம் மூன்று வினாக்களையே உங்கள் முன் வைக்க வந்துள்ளேன்.

2006-ஆம் ஆண்டின் நடுவணரசு அறிவிக்கைப்படி, தோல் பதனிடும் தொழில் சூழல் இசைவு பெறவேண்டியது. பெருந்திட்டங்களுக்குத் தாக்க ஆய்வறிக்கை எழுதுபவர் ஒப்புதல் பெற்ற வல்லுநரே. ஆயினும், அவரைத் தெரிந்தெடுப்பதும் அவருக்குப் பணங்கொடுப்பதும் தொழில் தொடங்க விழையும் நிறுவனமே. 'பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்' என்பது இதுவன்றோ? வல்லுநரெல்லாம் நேர்மையற்றவர் என்று யான் பழிக்கவில்லை. நேர்மையாளரையும் ஐயத்திற்கு உள்ளாக்கும் முறை இது என்கின்றேன்.

வேறு வழி இல்லையா? உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், 1970-ஆம் ஆண்டுச் சூழற் சட்டத்தின்கீழ், நகராட்சியே வல்லுநரை அமர்த்துவதும், அச் செலவை விண்ணப்பித்தவர் ஏற்பதும் பெருவழக்கு. பணம் நிறுவனத்தினுடையது, பணி ஊரினுடையது!

நம் பாலாற்றங்கரையில் நடந்தது என்ன? ஆலைகள் முன்னே வந்தன. ஆய்வு பின்னே வந்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச முறைமன்றத்தில் வழக்கிட்டது. அவ்வழக்கில் நாகபுரிச் சூழற்பொறியியல் ஆய்வு நிறுவன வல்லுநரை அமர்த்தியது எந்த ஆலையுமன்று, அம் மன்றமே. 28-8-1996-இல் தீர்ப்பு வந்தது. தோலாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் வேளாண் நிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிரிடத் தகுதியற்றுப் போயிற்று என்னும் வேளாண் பல்கலைக்கழக ஆய்வு நடுவத்தின் செய்தி அதில் இடம்பெற்றது. ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 உருபா தண்டம் விதிக்கப்பட்டது. இழப்பீட்டைக் கணக்கிட ஆணையமும் அமைந்தது. அதன்பின் 28 ஆண்டுக்கு மேல் கழிந்தும், 30-1-2025-இல் அதே மன்றம், இழப்பீட்டைக் கொடுக்குமாறும், ஓய்வுபெற்ற உயர் முறைமன்ற நடுவர் தலைமையில் குழு அமைக்குமாறும் மீண்டும் ஆணையிட நேர்ந்தது. வருமுன் காவாத ஊர், வந்தபின் எத்தனை ஆண்டு அலைகின்றது, பார்த்தீர்களா?

இனி மொழிக்கு வருவோம். முழு அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். தமிழில் கிடைப்பது சுருக்கமே. 2020-இல் அவ் அறிவிக்கையையே மாற்றும் வரைவை நடுவணரசு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வெளியிட்டது. எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் பெயர்க்குமாறு தில்லி உயர் முறைமன்றம் அவ்வாண்டு சூன் 30-இல் ஆணையிட்டது. நடுவணரசோ அதனை எதிர்த்து உச்ச முறைமன்றம் சென்றது! மக்கள் கருத்தைக் கேட்பவர், மக்கள் மொழியில் கேட்க மறுப்பது என்ன முறை?

தமிழ் வேண்டும் என்பது வெறும் மொழிப்பற்றன்று. நீரில் கரைந்த உப்பின் அளவை ஆங்கில மூவெழுத்தால் குறித்தால் நம் உழவர் வாளாவிருப்பார். 'நீர் இவ்வளவு உவர்க்கும்' என்று எழுதுங்கள். தம் கிணற்றின் நாற்பதாண்டு வரலாற்றைக் கூறி, அறிக்கையின் பிழையை அவரே திருத்துவார். அவ்வறிவு எந்த வல்லுநரிடமும் விலைக்குக் கிடைக்காது.

தோல்தொழில் ஒழிக என்பார் அல்லர் நாம். இங்கே காலணி தைக்கும் பெண்மக்களின் அடுப்பு அத்தொழிலால் எரிகின்றது. அவர்கள் குடிக்கும் நீரும் இம் மண்ணின் நீரே. ஆதலின் நாம் வேண்டுவன இரண்டு. ஒன்று: ஆய்வுச் செலவை நிறுவனம் அரசிடம் கட்டுக, வல்லுநரை அரசோ உள்ளாட்சியோ அமர்த்துக. இரண்டு: கருத்துக்கேட்புக் கூட்டத்திற்கு 30 நாள் முன்னரே முழு அறிக்கையையும் தமிழில் ஊர்தோறும் வைக்க.

அடுத்த கருத்துக்கேட்பு அறிவிப்பு நாளிதழில் வரும் அன்றே, "தமிழ் அறிக்கை எங்கே?" என மாவட்ட ஆட்சியருக்கு ஒவ்வொருவரும் எழுதுங்கள். கேளாத ஊருக்கு யாரும் தாமாகக் கொடார்.

வெல்க தமிழ்! வாழ்க பாலாறு!